முட்டை காலி, காய் மட்டும் தட்டு ஓரத்தில்!

மூணாப்பு டீச்சர்: எங்கள் அரசுப் பள்ளியில் சத்துணவு முட்டையை ஒரு பிள்ளையும் விடுவதில்லை. சாம்பாரில் கிடக்கும் பூசணியும் கேரட்டும்தான் தட்டு ஓரத்துக்குப் போய்விடும், அப்புறம் இன்டர்வெல்லில் கேட் எதிரே பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய் மசாலா பாக்கெட். என்ன செய்யலாம்?

கொய்யாத்தோப்பு: 2020 உணவுப் பாதுகாப்பு விதிப்படி பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டம் விற்கக்கூடாது. புகார் கொடுக்கலாம்தான், ஆனால் முதலில் கடைக்கார அக்காவிடம் பேசிப் பாருங்கள் டீச்சர், சுண்டல், கடலைமிட்டாய், மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா எல்லாம் அவருக்கும் நல்லா ஓடும்.

கரண்டி: நான் சத்துணவு அமைப்பாளர். காய் பெரிய துண்டாக இருந்தால் பொறுக்கிப் போட்டுவிடுவார்கள், துருவிப் போடச் சொல்லுங்கள், கீரையைப் பருப்போடு கடைந்துவிட்டால் கேள்வியே இல்லை. நீங்களும் அதே சோற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், டிபன்பாக்ஸோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போகாதீர்கள்!

ரெண்டு பிள்ளை அப்பா: 2023லிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் இருக்கிறதே. லேட்டாக வந்து உப்புமாவைத் தவறவிடும் பிள்ளைதான் பத்தரைக்கே கடைக்கு ஓடும், அதையும் கொஞ்சம் பாருங்கள்.

மூணாப்பு டீச்சர்: சரி, திங்கட்கிழமையே அக்காவிடம் பேசுகிறேன். ஸ்டாஃப் ரூம் குத்து எனக்கும்தான் கரண்டி!