காரின் 3ஜி மோடத்தை மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது மதுரையில் பழைய வண்டியாக வாங்கிய 2016 மாடல் கார். உள்கூரை விளக்குக்குப் பக்கத்தில் அவசர அழைப்புப் பொத்தான் ஒன்று உண்டு; வண்டி மோதினால் தானாகவும் உதவிக்கு அழைக்கும் ஏற்பாடு அது. அதைக் காட்டித்தான் விற்றவர் விலையை ஏற்றினார். இப்போது அதில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது.

மெக்கானிக் அண்ணன் உப்புக்காற்றின் மேல் பழியைப் போட்டார். (எங்கள் ஊரில் கதவுக் கீல் முதல் கல்யாணத் தடை வரை உப்புக்காற்றுதான் காரணம்.) ஆன்டெனாவைக் கழற்றினோம். திருகில் பச்சைக் களிம்பு, துடைத்தும் பயனில்லை. சர்வீஸ் சென்டரில்தான் உண்மை தெரிந்தது: அந்த அழைப்பைக் கைபேசி நெட்வொர்க் வழியே அனுப்ப உள்ளே இருப்பது 3ஜி மோடம், அதற்கான நெட்வொர்க் மூடப்பட்டுவிட்டது. மாற்றுப் பாகம் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2022இல் 3ஜியை நிறுத்தியபோதும் பல கார்களுக்கு இதே கதிதான். கார் பதினைந்து வருடம் உழைக்கும், மோடம் அவ்வளவு நாள் தாங்காது என்று விற்கும்போது எவரும் சொல்வதில்லை.

அப்பா இரவில் தனியாகத் தொண்டி வரை ஓட்டிப் போகிறவர். 112ஐ அழைக்கக் கைபேசி இருக்கிறது. ஆனால் மோதி மயங்கிக் கிடந்தால் யார் அழைப்பது?

4ஜி மோடம் பொருத்தியவர்கள் உண்டா? ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் துளை) செருகும் 4ஜி கருவி விபத்தை உணர்ந்து தகவல் அனுப்புமா? இன்னொன்று: நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. மோடம் சிக்னலைத் தேடித் தேடி மின்சாரத்தைத் தின்கிறதோ என்று சந்தேகம். அதன் ஃப்யூஸை மட்டும் எடுத்துவிடலாமா, ஏர்பேக்குக்குப் பாதகம் வருமா? ராமநாதபுரம் பக்கம் விவரமான கார் எலக்ட்ரீஷியன் இருந்தால் சொல்லுங்கள்.