கனடாவின் வடக்கே உள்ள நுனாவுட்டில் ஆசிரியராக இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. ஸ்காபரோவில் நிரந்தர வேலைக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. இப்போது நுனாவுட்டில், பாஃபின் தீவின் வட பகுதியிலுள்ள பாண்ட் இன்லெட் என்ற ஊரில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. கணவரும் நான்கு வயது மகளும் கூட வருகிறார்கள்.

சம்பளத்தோடு வடபகுதிப் படி உண்டு. வரி கணக்கிடும்போது வருமானத்திலிருந்து நாளுக்கு 22 டொலர் வரை கழிவும் கோரலாம். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. என் கவலை வீடு. நினைத்தபடி வாடகைக்குப் பிடிக்க அங்கே வீடுகள் இல்லை. ஊழியர் குடியிருப்பைத்தான் நம்ப வேண்டும். குடும்பத்தோடு போனவர்களுக்குத் தனி வீடு கிடைத்ததா, இன்னொருவரோடு பகிர வேண்டியிருந்ததா? வெப்பமூட்டல், மின்சாரம், பவுசரில் வரும் தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடங்குமா? தளபாடங்கள் இருக்குமா?

அடுத்தது சாப்பாடு. வெளியூர்ச் சாலையே இல்லாத ஊர். கோடையில் மட்டும் சரக்குக் கப்பல், மற்றபடி விமானம். அரசு மானியம் இருந்தும் பாலும் காய்கறியும் விலை அதிகம் என்கிறார்கள். அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் மா, மிளகாய்த்தூள் (இது இல்லாமல் கணவர் விமானமே ஏறமாட்டார்) ஆகியவற்றை ஓராண்டுக்குக் கப்பலில் அனுப்ப நினைக்கிறேன். மூன்று பேருக்கு எவ்வளவு போதும்? பெட்டி கட்டுவதற்கு மொன்றியலில் யாரை அணுகினீர்கள்? முன்பதிவுக் கெடு எப்போது முடியும்?

சாப்பாட்டுக்கும் இணையத்துக்கும் மாதம் எவ்வளவு செலவானது என்று எழுதும்போது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. வீட்டைப் பற்றி எதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்.