ஸ்டேஜிங் யாட் – தமிழ்ச்சொல்: தரிப்பா, மறைமுற்றமா, வெளியூரா?

உவர்மலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

மாதிரி ரயில் சொற்றொகுதியில் ஒரு சொல் இன்னும் முடியாமல் கிடக்கிறது. பெட்டிகளை எஞ்சினால் தள்ளியும் இழுத்தும் பிரித்துக் கோக்கும் ‘சண்டிங்’ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வட்டப் பாதையில் சும்மா ஓடவிடுவதற்குச் ‘சுற்றோட்டம்’ என்று வைத்தோம். அது பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் குருதிக்கு உள்ள சொல், எல்லோருக்கும் பழக்கம். அட்டவணை போட்டு, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு வேலை கொடுத்து ஓட்டுவது ‘பணியோட்டம்’. ‘இயக்கம்’ என்ற சொல்லை நம் பக்கத்தில் இதற்கு எடுக்க முடியாது, அதில் வேறு பொருள் ஊன்றிவிட்டது.

மிச்சம் இருப்பது ஸ்டேஜிங் யாட். நாம் செய்துகாட்டாத ஊர்களிலிருந்து வரவேண்டிய ரயில்கள் புறப்படும்வரை நிற்பதும், அந்த ஊர்களுக்குப் போய்விட்ட ரயில்கள் போய் நிற்பதும் இந்தத் தடங்களில்தான். நமது வரைபடத்தில் காட்சிப் பகுதி திருகோணமலை முனையமும் சீனக்குடாவும். அதற்கு அப்பால் தம்பலகாமம், கந்தளாய், கல்ஓயா, கொழும்பு எல்லாம் இந்த யாட்டுக்குள் அடக்கம்.

இதுவரை வந்த சொற்கள்: தரிப்பு முற்றம், மறைமுற்றம், திரைமறைவுத் தடம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. மற்றவர்களின் கருத்து வேண்டும்.

*

பாலையூற்றிலிருந்து:

ஐயா, மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

‘திரைமறைவு’ மேடையை நினைத்து வந்தது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ஸ்டேஜிங் நாடக மேடை அல்ல. பயணத்துக்கு முன் ஆயத்தமாக்கி நிறுத்துவது. ‘தரிப்பு’ என்றதும் ஆஸ்பத்திரி வாசலில் உள்ள வாகனத் தரிப்பிடம் மனதில் வரும். அந்தப் பெயரோடு வரைபடம் போடுகிறவர் மிஞ்சிய மூலையில் மிஞ்சிய நீளத்தைத்தான் அதற்கு ஒதுக்குவார். அமைப்பு கெடுவது அங்கேதான். இடத்தைப் பிரிக்கும்போது முதலில் அளக்க வேண்டியது இந்த யாட்டைத்தான், காட்சிப் பகுதியை அல்ல.

கணக்கைப் பாருங்கள். நாம் கட்டுவது ஓஓ என்ற மாதிரி அளவில், உண்மையில் 76இல் ஒரு பங்கு. நமது அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். அளவுப்படி 22 மி.மீ. தடம் வேண்டும், அதைக் கையால்தான் கட்ட வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தடத்தை ஏற்றுக்கொண்டோம், அது முடிந்த கதை. எஞ்சின் 23 சென்ரிமீற்றர். பயணிகள் பெட்டி, கொக்கியோடு, 26 செ.மீ. ஐந்து பெட்டி இழுக்கும் மெயில் ரயில் 153 செ.மீ. ஓட்டுகிறவர் சரியான புள்ளியில் நிறுத்துவார் என்று நம்பக்கூடாது, 15 செ.மீ. கூட்டுங்கள்: 168. அந்த நீளத்தில் ஒரு தடம் கிடைக்காவிட்டால் ஐந்து பெட்டி மெயில் இல்லை. முனைய மேடை எவ்வளவு நீளமாக இருந்தும் பயன் இல்லை.

ஐந்து தடத்தைப் பொயின்ட் (ஒரு தடத்தை இரண்டாகப் பிரிக்கும் தண்டவாளத் துண்டு) போட்டுப் பிரித்தால் நான்கு பொயின்ட். 12 பாகைப் பொயின்ட், தடங்களுக்கிடையில் 51 மி.மீ. என்றால் ஒவ்வொரு புதிய தடமும் நீளவாக்கில் 24 செ.மீ. தின்னும். கடைசிப் பொயின்டின் 22 செ.மீ. சேர்த்து 94 செ.மீ. போய்விடும். 3 மீற்றர்ச் சுவரில் கடைசித் தடத்துக்குக் கிடைப்பது 2 மீற்றரை ஒட்டித்தான். முதலில் பிரியும் தடமே மிக நீளம்; மெயிலை அதில் விடுங்கள்.

என் சொல்: வெளியூர்.

இந்தத் தடங்கள் செய்கிற வேலையை இந்தச் சொல் அப்படியே சொல்கிறது. மெயில் வெளியூரிலிருந்து வருகிறது. மா ஏற்றிய பெட்டிகள் வெளியூருக்குப் போகின்றன. விளக்கம் கேட்காமலே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

*

மூதூரிலிருந்து:

> என் சொல்: வெளியூர்.

தம்பி, சொல் நல்ல சொல். ஆனால் கலைச்சொல் ஆகுமா என்பதில் எனக்கு நான்கு தடை உண்டு.

ஒன்று, வெளியூர் என்பது இடம். நமக்குத் தேவை ஒரு கட்டுமானத்தின் பெயர். ‘வெளியூரில் ஒரு பொயின்ட் பழுது’ என்றால் கந்தளாயில் பழுது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

இரண்டு, எல்லா அமைப்பும் முனையம் அல்ல. நடுவழி நிலையம் ஒன்றைச் செய்கிறவருக்கு இரண்டு பக்கமும் யாட் இருக்கும். ‘வெளியூர்’ என்றால் எது?

மூன்று, ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கின்றன. ஸ்டேஜிங்கில் ரயில் கோத்தபடியே நிற்கும். பிடில் யாட்டில் ஆள் கையை விட்டுப் பெட்டிகளை மாற்றி அடுக்குவார். (அந்தப் பிடில் வாத்தியம் அல்ல, கையால் அளைவது. யாராவது வயலின் முற்றம் என்று மொழிபெயர்க்க முன் சொல்லிவைக்கிறேன்.)

நான்கு, மறைந்திருப்பது அதன் முக்கியமான குணம் இல்லையா? ரயில் கண்ணுக்குத் தெரிந்தபடி நின்றால் அது போய்விட்டது என்று மனம் ஏற்காது. ‘மறைமுற்றம்’ அதைச் சொல்கிறது.

*

நிலாவெளியிலிருந்து:

நான்காவது தடைக்கு மட்டும் பதில், அக்கா.

மறைப்பது என்ற எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் அதைக் காட்சிப் பலகைக்குக் கீழே 8 அல்லது 10 செ.மீ. உயரத்தில் திணித்துவிடுகிறார்கள். நம் கரையோரத்தில் அது நிலைக்காது. நிக்கல் சில்வர்த் தண்டவாளம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, ஆனாலும் உப்புக்காற்றில் மேலே ஒரு படலம் கட்டும். ஓடாமல் நிற்கும் தடத்தில் அது இன்னும் சீக்கிரம் கட்டும். யாட்டுத் தடம் பெரும்பாலும் அப்படி நிற்கும் தடம்தான். வாடைக்காற்று மழையில் பலகையும் ஊதும். மெரைன் பிளைவூட் எடுத்து, வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வானிஷ் இரண்டு தரம் பூசாவிட்டால் தட மூட்டு உயர்ந்துவிடும், அந்த இடத்தில் பெட்டி தடம் புரளும்.

துடைக்கக் கை போக வேண்டும். தடத்துக்கு மேல் ஆகக் குறைந்தது 15 செ.மீ. வெளி, கை எட்டும் ஆழம் 60 செ.மீ. ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சில்லாத துணி போதும். மண்தாள் போடாதீர்கள். கீறல் விழும், அழுக்கு அதற்குள் போய்க் குந்தும்.

மறைக்க 20 செ.மீ. உயரமான பின்னணித் தட்டி ஒன்று முன்னால் நின்றால் காணும். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். மறைப்பு தட்டியின் வேலை, யாட்டின் வேலை அல்ல. ஆகவே ‘மறை’ பெயரில் வேண்டாம்.

*

பாலையூற்றிலிருந்து:

நிலாவெளியார் சொன்னதோடு நான்காவது தடை முடிந்தது. மற்ற மூன்றுக்கும் வருகிறேன்.

இரண்டாவது தடைதான் என் சொல்லுக்குப் பலம், அக்கா. வெளியூர் எது என்பது நாம் எந்த ஊரைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. திருகோணமலையைச் செய்கிறவருக்கு ஒரே வெளியூர். கந்தளாயைச் செய்கிறவருக்கு இரண்டு: கல்ஓயாப் பக்க வெளியூர், திருகோணமலைப் பக்க வெளியூர். நமது ஊரே அவருக்கு வெளியூர். கல்ஓயாச் சந்தியைச் செய்தால் மாகோ, மட்டக்களப்பு, திருகோணமலை என்று மூன்று. ஒருவர் ‘என் அமைப்பில் எத்தனை வெளியூர்?’ என்று தன்னையே கேட்டால் வரைபடத்தின் பாதி முடிந்துவிடும். ‘எத்தனை மறைமுற்றம்?’ என்ற கேள்வியிலிருந்து அப்படி எதுவும் பிறக்காது.

எதிர்ப்பக்கச் சோதனையும் செய்து பார்த்தேன். அலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நூக்’ என்ற சிறிய மாதிரி அமைப்பில் மூன்று தடம்: 5 பெட்டி, 3 பெட்டி, 3 பெட்டி கொள்ளும். எட்டுப் பெட்டியில் ஐந்தைச் சொன்ன வரிசையில் கோக்க வேண்டும். 6720 விதமான வரிசைகள் வரும், ஒன்றரை மீற்றர்ப் பலகையில் வருடக்கணக்கில் அலுக்காது. அது சண்டிங் புதிர். அதில் ரயில் எங்கிருந்தும் வருவதில்லை, எங்கும் போவதில்லை. ‘அதற்கு வெளியூர் இல்லை’ என்ற ஒரே வசனத்தில் வேறுபாடு விளங்கிவிடுகிறது.

முதல் தடைக்கு: கட்டுமானத்தைச் சொல்லும்போது ‘வெளியூர்த் தடம்’, ‘வெளியூர்ப் பலகை’ என்போம். ஒற்று மிகுந்து ஒட்டிக்கொள்வதால் ஊரோடு குழம்பாது.

மூன்றாவது: வெளியூர் பொதுப்பெயர். அதைக் கட்டும் விதத்துக்கு அடைமொழி போடலாம். பொயின்ட் போட்டுப் பிரித்தது நிலைவெளியூர். கையால் பெட்டி மாற்றுவது கைமாற்று வெளியூர். கைமாற்றில் தட இடைவெளி 51 மி.மீ. போதாது: பெட்டி அகலம் 40 மி.மீ., மிச்சம் 11 மி.மீ.; விரல் போகாது, பக்கத்து ரயில் சரியும். 65 வையுங்கள்.

நமது வரைபடத்துக்கு நான் சொல்வது நகர்தட்டு. ஐந்து தடத்தையும் ஒரே தட்டில் பதித்து, லாச்சிக்குப் போடும் பந்துத் தாங்கிச் சட்டங்களில் குறுக்கே நகர்த்துவது. பொயின்டே வேண்டாம், அந்த 94 செ.மீ. காட்சிப் பகுதிக்கு மீளும். தட்டின் அகலம் 30 செ.மீ., நகரும் தூரம் 26 செ.மீ., ஆக ஆழம் 56 செ.மீ.

இதில் பிழைக்கிற இடம் தண்டவாளம் நேர்படும் முனை. இரு பக்கமும் பித்தளைத் திருகாணி இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தை ஈயப்பற்று வையுங்கள். மழைக்காலத்தில் பலகை உயர்ந்தால் ஆணியைக் கால் சுற்றுத் திருப்பி உயரத்தைச் சரிசெய்யலாம். இடைவெளி அரை மில்லிமீற்றர். நேர்படுத்த இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள்: தண்டு நிலையான பலகையில், துளை தட்டில், ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு சோடி. மின்சாரத்தையும் அந்தத் தாழ்ப்பாள் வழியே கொடுங்கள், ஒரு தண்டவாளத்துக்கு ஒன்று. நேர்பட்ட தடத்துக்கு மட்டும் மின் வரும், மற்ற எஞ்சின்கள் அசையாது. தட்டுக்கு முன்னால் உள்ள 30 செ.மீ. தடத்தையும் பிரித்து, அதற்கான மின்னைத் தட்டிலிருந்து திரும்ப எடுங்கள். இதை விட்டால் தட்டு நேர்படாத நேரம் வருகிற எஞ்சின் இடைவெளிக்குள் விழும், விழுவது நிலத்துக்கு.

*

மூதூரிலிருந்து:

கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் கடன் என்று ஒரு பொருள் உண்டே? ஆனால் அதுவும் கையிலிருந்து கைக்குப் போவதுதான், குழப்பம் வராது. எனக்குச் சம்மதம். ஒரு முழு அமர்வின் ஓட்டத்தை இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், ஐயா. எங்காவது இடறினால் அப்போது தெரியும்.

*

உவர்மலையிலிருந்து:

எழுதிப் பார்த்தேன். இப்படி வருகிறது.

வெளியூர்த் தடம் 1: கொழும்பிலிருந்து வரும் இரவு மெயில். தடம் 2: மூன்று பெட்டிப் பகல் ரயில், 101 செ.மீ. தடம் 3: சீனக்குடாவில் உள்ள பிறீமா மா ஆலைக்கு ஆறு வெறும் மாப் பெட்டிகள், பெட்டிக்கு 16 செ.மீ., எஞ்சினோடு 119. தடம் 4: சல்லிக்கல் ஏற்றிய பராமரிப்பு ரயில். தடம் 5 வெறுமை. அதை நிரப்பக்கூடாது. ஊரிலிருந்து முதல் ரயில் புறப்படும்போது நுழைய ஒரு தடம் வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பூட்டுப்பட்டு நிற்கும்.

மூடிய மாப் பெட்டி வெறுமையா நிறையா என்று வெளியே தெரியாது. ஆகவே பெட்டியை மாற்றத் தேவையில்லை. வெளியூரில் சரக்குச் சீட்டை (பெட்டி நிறையா வெறுமையா, எங்கே போகிறது என்று சொல்லும் அட்டை) மறுபக்கம் புரட்டினால் நிறைந்து வந்த அதே பெட்டி அடுத்த சுற்றுக்கு வெறும் பெட்டி. சல்லிப் பெட்டி திறந்தது. அதற்குக் கல் ஒட்டிய மூடி செய்து, வெளியூரில் தூக்கி எடுக்க வேண்டும். இந்த வரிகளை ‘மறைமுற்றத்தில் சீட்டைப் புரட்டுக’ என்று எழுதிப் பார்த்தேன், பொருள் ஒட்டவில்லை. பெட்டி வெறுமையாவது வெளியூரில்தானே.

ஒற்றைப் பாதை என்பதால் டப்லெட், அதாவது பாதைக்குள் நுழைய ஓட்டுகிறவர் கையில் கொடுக்கும் அனுமதி வில்லை, உண்டு. வெளியூருக்கும் சீனக்குடாவுக்கும் ஒன்று, சீனக்குடாவுக்கும் திருகோணமலைக்கும் ஒன்று. பித்தளை வாசர் இரண்டு காணும். கையில் இல்லாமல் ஒருவரும் நுழையக்கூடாது. இதில் ஒன்று கவனித்தேன்: தட்டைத் தள்ளுகிற ஆள் என்று இருந்தவர் இப்போது ‘வெளியூர் ஸ்டேஷன் மாஸ்டர்’. வேலைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அமர்வில் அந்த இடத்துக்கு ஆள் பிடிக்கத் தெண்டிக்க வேண்டியதில்லை.

சீனக்குடாவில் ரயில்கள் மாறும் தடத்துக்கு 125 செ.மீ. வைத்திருக்கிறேன். 119 செ.மீ. மா ரயில் அதற்குள் ஒதுங்கும். மெயில் நேர்ப்பாதையால் போகும். மெயிலை ஒதுக்கித் தடத்தில் விட அட்டவணையில் இடம் வைக்கக்கூடாது, வால் வெளியே நிற்கும்.

விரைமணியில் (அமர்வுக்கென்று உண்மை நேரத்தைவிட வேகமாக ஓடவிடும் கடிகாரத்தில்) ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஆறு மடங்கு வேகம் என்று போட்டிருந்தோம். ரயில் ஓடும் நேரத்துக்கு அது சரி, சண்டிங்கை அது சுருக்காது. பெட்டிக்கு 2 முதல் 3 நிமிடம் என்றால் ஆறு பெட்டிக்கு 15 நிமிடம். விரைமணியில் ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் பகல் ரயில் வெளியூரில் காத்துக் கிடக்கும், ஓட்டுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான்கு மடங்காக்கினால் ஒரு மணித்தியாலம், அட்டவணையில் அது அடங்குகிறது.

சொற்றொகுதிக்கான பதிவு:

வெளியூர் – காட்சியாகச் செய்யாத ஊர்களுக்குப் பதிலாக நின்று, அங்கிருந்து வரும் ரயில்களைத் தருவதும் அங்கு போகும் ரயில்களை ஏற்பதுமான தடத் தொகுதி. வகை: நிலைவெளியூர், கைமாற்று வெளியூர். உறுப்பு: வெளியூர்த் தடம், வெளியூர்ப் பலகை, நகர்தட்டு. எதிர்ச்சொல் தேவைப்படும் இடத்தில்: காட்சிப் பகுதி.

*

நிலாவெளியிலிருந்து:

சம்மதம். வரைபடத்தில் வடக்குச் சுவர்ப் பலகை இன்னும் 45 செ.மீ. ஆழம் என்றே கிடக்கிறது. நகர்தட்டுக்கு 56 வேண்டும். பலகை அறுக்க முன் மாற்றிவிடுங்கள், ஐயா.