மறுமொழி: சப்ளையர் ஸ்விட்ச்சிங் – மாற்றமா, மாறுதலா, தாவலா?

> லண்டனில் இருக்கிற நம் பெரியவர்களுக்கு ஒரு துண்டறிக்கை போடுகிறோம். கரண்ட், கேஸ் சப்ளையரை மாற்றுவதற்கு ‘விநியோகஸ்தர் மாற்றம்’ என்றும், அதற்கு உதவும் வெப்சைட்டுகளுக்கு ‘விலை ஒப்பீட்டுத் தளம்’ என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

அண்ணா, வணக்கம். இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை, முதலாவதில் கொஞ்சம் கூடுதலாகவே.

விநியோகஸ்தர் என்றதும் நம் ஆட்களுக்குக் கம்பி இழுத்து வீடுவரை கரண்ட் கொண்டுவருகிறவர்தான் நினைவுக்கு வருவார். ஊரில் மின்வாரியமோ மின்சார சபையோ, கம்பியும் பில்லும் ஒரே கையில்தான். பிரிட்டனில் அப்படி இல்லை, கம்பியும் குழாயும் அந்தந்த வட்டாரத்து நிறுவனத்துடையவை, அவர்களை நாம் மாற்ற முடியாது, கரண்ட் போனால் 105-க்கு அழைத்தால் வருவதும் அவர்கள்தான். நாம் மாற்றுவது பில் போடுகிற கம்பெனியை மட்டும். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், மாறுகிற அன்றைக்கு வீடு இருட்டாகிவிடுமோ என்று பயப்படத்தான் செய்வார்கள். தமிழ்நாட்டு மின்துறையில் ‘பகிர்மானம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல், கம்பிக்காரருக்கு அதைக் கொடுத்துவிடலாம். பில்காரர் ‘வழங்குநர்’.

அடுத்து மாற்றம். 2021-இல் எரிவாயுவின் மொத்த விலை எகிறியபோது சின்னக் கம்பெனிகள் வரிசையாக மூடின, அவர்களுடைய வாடிக்கையாளர்களை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வேறு கம்பெனிக்கு அனுப்பிவைத்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அதற்கு ‘வழங்குநர் மாற்றம்’ பொருந்தும். நாமே பார்த்துப் போவது வேறு, அதற்கு ‘வழங்குநர் மாறுதல்’ என்று வைக்கலாம். வீடு மாறினோம், பஸ் மாறினோம் என்கிறோமே, மாறுவது வீடோ பஸ்ஸோ இல்லை, நாம்தான். அதே கட்டுமானம். போன மடலில் ஒருவர் ‘வழங்குநர் தாவல்’ என்றார், சிரித்தேன், ஆனால் தாவல் என்றாலே கட்சியும் பெட்டியும் சேர்ந்து வந்துவிடும், வேண்டாம்.

இனி ஒப்பீட்டுத் தளம். கரண்டுக்கு நாம் கட்டுவது கட்டணம், அதனால் விலையை எடுத்துவிடுங்கள். எனக்கு உறுத்துவது ‘ஒப்பீடு’தான். ஏதோ நடுநிலையாகத் தராசு பிடிப்பது போல ஒலிக்கிறது. உண்மையில் நாம் அந்தத் தளம் வழியாக மாறினால் வழங்குநரிடமிருந்து அதற்குக் கமிஷன் கிடைக்கிறது, தன் வழியாக மாற முடிகிற திட்டங்களை மட்டும் முதலில் காட்டும் தளங்களும் உண்டு. இன்னொன்று, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேட்கிற இடத்தில் தெரியாது என்று போட்டால், சராசரி வீட்டுக் கணக்கைத் தானே எடுத்துக்கொள்ளும் தளங்களும் உண்டு. 2023 அக்டோபரில் ஆஃப்ஜெம் வைத்த சராசரி கரண்டுக்கு 2,700 யூனிட், கேஸுக்கு 11,500. ஒற்றை அறையில் தனியாக இருக்கிற பாட்டிக்கு அதை வைத்து ‘இவ்வளவு பவுண்டு மிச்சம்’ என்று திரையில் காட்டினால் அது யாருடைய மிச்சம்? அவருக்கு யூனிட் செலவு குறைவு, எவ்வளவு எரித்தாலும் தினமும் விழுகிற நிலைக்கட்டணம்தான் (ஸ்டாண்டிங் சார்ஜ்) பாரம், பார்க்க வேண்டியது அதை. ஆகவே என் பரிந்துரை ‘கட்டண ஒப்பீட்டுத் தரகர்’. வீட்டுத் தரகர், கல்யாணத் தரகர் எல்லாம் நமக்குப் பழக்கம், கமிஷன் வாங்குவார் என்பது சொல்லிலேயே இருக்கிறது, அதற்காக யாரும் அவரிடம் போகாமல் இருப்பதும் இல்லை.

மற்றவை சின்னவை. திட்டத்தின் நடுவில் விலகினால் கேட்கிற எக்ஸிட் ஃபீக்கு ‘விலகல் கட்டணம்’ போதும் (கட்டண வீதம் மாறாத நிலையான திட்டம் முடிய 49 நாள் இருக்கும்போதிருந்து அது கிடையாது என்பதையும் சேருங்கள்). ஆஃப்ஜெம் வைக்கிற பிரைஸ் கேப்பை ‘உச்சவரம்பு’ என்று மட்டும் எழுதினால் பில்லே அதற்கு மேல் வராது என்று நினைப்பார்கள். 2019-இல் வந்த அந்த வரம்பு யூனிட் வீதத்துக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான், ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டால் பில் ஏறத்தான் செய்யும். ‘கட்டண வீத உச்சவரம்பு’ என்று நீட்டி எழுதுவதில் தப்பில்லை.

---

தம்பி, பகிர்மானமும் வழங்குநரும் எடுத்துக்கொண்டேன், ‘வழங்குநர் மாறுதல்’ வாய்க்கும் நன்றாக வருகிறது. தரகர் மட்டும் முடியாது. தரகர் என்று போட்ட தாளை எங்கள் ஆட்கள் வாசிக்கவே மாட்டார்கள், காசு கேட்கப்போகிறார்கள் என்று மடித்து வைத்துவிடுவார்கள், ஆனால் இந்தத் தளங்கள் நம்மிடம் நேரே ஒரு பென்னியும் வாங்குவதில்லையே. ‘கட்டண ஒப்பீட்டுத் தளம்’ இருக்கட்டும், அடுத்த வரியிலேயே கமிஷனைப் பற்றி எழுதிவிடுகிறேன். பழைய பில்லைப் பார்த்து யூனிட்டை நிரப்புங்கள் என்பதையும்.

சரி, ஒப்பந்தம் போட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல 14 நாள் தருகிறார்களே, அந்தக் கூலிங் ஆஃப்புக்கு என்ன சொல்? என்னிடம் ‘மறுபரிசீலனைக் காலம்’ இருக்கிறது, நீளம். ‘மனம்மாறு காலம்’ என்று மனைவி சொல்கிறாள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவள் சொன்னதுதான்.