பொருள்: பொரியாமல் தங்கும் மக்காச்சோள மணிக்குக் கலைச்சொல்

மடல் 1
சொற்பட்டியல் தொகுப்பாளர், உணவுத் தொழில்நுட்பம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பாப்கார்ன் தொடர்பான சொற்கள் பெரும்பாலும் முடிவாகிவிட்டன. ஒன்றுதான் இழுபறியில் இருக்கிறது. பொரித்து முடித்தபின்னும் பொரியாமல் தங்கிவிடும் மணியை எப்படிச் சொல்வது? திரையரங்கில் படம் முடியும் தறுவாயில் டப்பின் அடியைத் துழாவினால் விரலில் அகப்படுமே, அதுதான்.

ஆங்கிலப் பேச்சுவழக்கில் இதற்கு வழங்கும் பெயர், மணமாகாமல் வயதேறிய பெண்களை எள்ளும் சொல். அதை 'முதிர்கன்னி' என்று பெயர்த்துப் பட்டியலில் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. பெண்களை இழித்துரைக்கும் பெயர் ஒன்று தமிழில் புதிதாக முளைக்க நாம் காரணமாகக் கூடாது. 'மலட்டுமணி'யும் அதே காரணத்தால் வேண்டாம்.

இதுவரை வந்தவை: பதர், கருக்காய், எச்சமணி, அடிமணி, கல்மணி, பொரியாமணி. துறையில் இருப்பவர்கள் காரணத்தோடு சொன்னால் நல்லது.

மடல் 2
வேளாண் தாவரவியல் ஆசிரியர்

> பதர், கருக்காய்

இரண்டையும் நீக்கிவிடலாம். பதர் என்பது உள்ளே ஒன்றுமில்லாத நெல். கருக்காய் பால்பிடித்தும் முற்றாமல் போனது. முறத்தில் போட்டுப் புடைத்தால் இரண்டும் முன்னால் பறந்துவிடும். நாம் பேசும் மணியோ முழுசாக முற்றியது, கனமானது, உள்ளே மாவுப்பொருள் நிறைந்தது. புடைத்தால் முறத்திலேயே நிற்கும். பொருள் நேர்மாறாகிவிடுகிறது.

அது ஏன் பொரிவதில்லை என்று பார்த்தால் சொல்லும் தானாக அமையும். ஒரு மணியின் எடை ஏறத்தாழ 0.15 கிராம். அதில் 14 விழுக்காடு நீர் இருந்தால் நன்றாகப் பொரியும், அதாவது 0.02 கிராம், ஒரு சொட்டைவிடக் குறைவு. சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேற முயல்கிறது, கண்ணாடிபோல் இறுகிய மேல்தோல் விடுவதில்லை. உள்ளே அழுத்தம் 9, 10 வளிமண்டலம்வரை ஏறுகிறது. காரின் டயரில் அடிக்கும் காற்றைப்போல் நான்கு மடங்கு. சூடு 180 டிகிரி செல்சியசை நெருங்கும்போது தோல் கிழிகிறது, குழைந்திருந்த மாவு நுரைத்து விரிந்து அப்படியே உறைகிறது. பிரான்சில் 2015-இல் வெளியான ஆய்வில், 170 டிகிரியில் வைத்த மணிகளில் 34 விழுக்காடுதான் பொரிந்தன; 180 டிகிரியில் 96 விழுக்காடு. பத்து டிகிரியில் இவ்வளவு வேறுபாடு.

ஆகவே பொரியாததற்குக் காரணம் மூன்றில் ஒன்று. நீர் குறைந்துபோயிருக்கும். அல்லது தோலில் விரிசலோ, காம்புப் பக்க முனையில் கசிவோ இருந்து ஆவி மெல்ல வெளியேறியிருக்கும். அல்லது போதிய சூடு போய்ச் சேர்ந்திருக்காது. இவற்றில் தோல்தான் முதன்மையானது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2005-இல் 14 வகைகளைப் பொரித்துப் பார்த்தார்கள். பொரியாமல் தங்கியது ஒரு வகையில் 4 விழுக்காடு, இன்னொன்றில் 47 விழுக்காடு. சூடானதும் தோலில் உள்ள செல்லுலோசு நெருக்கமாக ஒழுங்குபட்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும் வகைகளில் தங்கல் குறைவு.

ஆக, இது நிலையைக் குறிக்கும் சொல்லாக இருக்க வேண்டும். இடத்தையோ (அடிமணி) கடினத்தையோ (கல்மணி) குறித்தால் போதாது. என் வாக்கு பொரியாமணிக்கு.

மடல் 3
இலக்கணம் பார்ப்பவர்

'பொரியாமணி'யில் ஒரு சிக்கல். சாக்கில் இருக்கும் பச்சை மணியும் இன்னும் பொரியாததுதானே? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. 'வாடா மலர்' என்றால் இன்று வாடாததா, என்றுமே வாடாததா என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

தீர்வு இருக்கிறது. பொரிப்பதற்கென்றே விளைந்த மூலமணியைப் 'பொரிமணி' என்போம். ஊறுகாய்போல வினைத்தொகை, முக்காலமும் அதற்குள் அடங்கும். பொரிமணியைச் சூடேற்றியபின் இரண்டாகப் பிரிகிறது: விரிந்தது பொரி, விரியாதது பொரியாமணி. இணையாக நின்றால் குழப்பமில்லை.

எழுத்தில் கவனம்: இடையின ர. வல்லின ற போட்டால் இயந்திரமாகிவிடும். 'பொரிக்காத மணி' என்றும் எழுத வேண்டாம். அது நாம் பொரிக்கவில்லை என்று பொருள்படும். இங்கே பொரித்தோம், அது பொரியவில்லை. கடுகு பொரிவதும் அப்பளம் பொரிப்பதும் வேறுவேறு வினை.

'எச்சமணி' வேண்டாம். இலக்கணத்தில் நல்ல சொல்தான். ஆனால் எச்சம் என்றதும் பறவை நினைவுக்கு வரும். தின்பண்டத்துக்கு ஆகாது.

மடல் 4
திரையரங்குத் தின்பண்டப் பிரிவு, இயந்திரப் பராமரிப்பு

ஐயா, இலக்கணத்தில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் 'பொரியாமணி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எங்களால் வேலை பார்க்க முடியாது. சல்லடைக்குக் கீழே விழுவது ஒரே பொருள் அல்ல.

8 அவுன்ஸ் கெட்டிலில் (இயந்திரத்தில் மணியைப் பொரிக்கும் கலம்) ஓர் ஈட்டுக்குப் பொரிமணி 225 கிராம், எண்ணெய் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 75 கிராம். கெட்டில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் போட வேண்டும். மூன்று நிமிடத்தில் வெடிப்பு உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்கும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி விழுந்ததும் கவிழ்த்துவிடுவோம். கடைசி மணியும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் பொரிந்தது கருகிவிடும். அதனால் பொரியாமணி இல்லாத ஈடு என்று ஒன்று கிடையாது. அதைக் குறைக்கலாம், பிரிக்கலாம், ஒழிக்க முடியாது.

தட்டில் விழுந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தால் கோளாறு தெரியும். நிறம் மாறாமல், பளபளப்புக் கெடாமல் இருந்தால் சூடு எட்டவில்லை: கெட்டில் ஆறியிருந்தபோது போட்டிருப்பார்கள், அளவுக்கு மேல் கொட்டியிருப்பார்கள், அல்லது சீக்கிரம் கவிழ்த்திருப்பார்கள். பழுப்பேறி மங்கலாக இருந்தால் சூடு பட்டிருக்கிறது, ஆவி கசிந்துவிட்டது: மணி காய்ந்தது, அல்லது தோல் அடிபட்டது. கூடவே பொரியும் சிறுத்திருந்தால் காய்ந்துதான் போயிருக்கிறது. குளிரூட்டிய அறையில் சாக்கைத் திறந்துபோட்டிருப்பார்கள். மூன்றாவது ஒன்று உண்டு: தோல் வாய்பிளந்து, உள்ளே வெள்ளை கொஞ்சம் எட்டிப்பார்த்து, அதோடு நின்றுபோனது. இது பொரியாமணியே அல்ல. இதற்குத் தனிப் பெயர் வேண்டும்.

மடல் 5
பல் மருத்துவர்

மேலே சொன்ன பிரிவினை எங்களுக்கும் வேண்டும், வேறு காரணத்துக்காக.

பொரியாமணி பல்லை உடைக்கும். கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்து முழு விசையோடு கடித்தால் எனாமலில் கீறல் விழலாம், பெரிதாக அடைத்த பல்லின் சுவர் பெயரலாம். பாதி விரிந்தது மொறுமொறுவென்று நொறுங்கிவிடும். அமெரிக்காவில் அதைத் தனித் தின்பண்டமாகவே விற்கிறார்கள். நன்றாகப் பொரிந்ததிலோ வேறொரு தொல்லை: கிழிந்த மேல்தோலின் மெல்லிய துண்டு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சொருகிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து ஈறு வீங்கி வருவார்கள். குச்சியால் குத்தினால் இன்னும் உள்ளே போகும். பல்லிடுக்கு நூலைப் பல்லின் பக்கவாட்டோடு ஒட்டி, ஈறின் விளிம்புக்கு உள்ளே மெதுவாக இறக்கி, ஈறிலிருந்து விலக்கி வெளியே இழுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்க வேண்டும்.

மூன்றும் மூன்று விதம். பெயரும் மூன்று வேண்டும்: பொரியாமணி, அரைப்பொரி, தோல்சில்லு. நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குப் பாப்கார்னே கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும் என்பதையும் பட்டியலின் குறிப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மடல் 6
சொற்பட்டியல் தொகுப்பாளர்

அம்மா, அரைப்பொரி உடனே ஏற்கத்தக்கது. தோல்சில்லும் நன்று. 'உமி' என்று சிலர் எழுதுகிறார்கள். நெல்லுக்கு உமி சரி, இங்கே ஒட்டாது.

வாசகருக்குப் பயன்படும்படி ஒரு கேள்வி: திரையரங்கில் உட்கார்ந்து தின்பவர் என்ன செய்ய வேண்டும்? பட்டியலின் விளக்கப் பகுதியில் நான்கைந்து வரி எழுத வேண்டும்.

மடல் 7
திரையரங்குத் தின்பண்டப் பிரிவு

எழுதித் தருகிறேன்.

சிறியதும் கனமானதும் இடுக்குகளின் வழியே கீழே இறங்கும், பெரியதும் இலேசானதும் மேலே நிற்கும். அதனால் வாங்கியதும் டப்பை மேசையில் நாலைந்து முறை தட்டிவிட்டு உள்ளே போகலாம். பொரியாமணிகள் பெரும்பாலும் அடிக்கு வந்துவிடும். பிறகு குலுக்கவும் கூடாது, அடியிலிருந்து தோண்டவும் கூடாது. மேலிருந்தே எடுத்துத் தின்று, அடியில் இரண்டு விரற்கடை இருக்கும்போது நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த இரண்டு விரற்கடையும் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுங்கள். இருட்டில் கண் உதவாது, விரல் உதவும்: பொரி சொரசொரப்பாக, அழுத்தினால் அமுங்கும், பொரியாமணி வழுவழுப்பாக, ஒரு முனை கூர்மையாக, அமுங்காமல் இருக்கும். கைப்பிடியாக அள்ளி வாயில் போடும்போதுதான் பல் மாட்டும். வாய்க்குள் வந்துவிட்டால் கடித்துப் பார்க்காமல் காகிதத்தில் எடுத்து டப்பிலேயே போடுங்கள். படிக்கட்டில் எறிந்தால் அடுத்து வருபவர் வழுக்குவார்.

கேரமல் பாப்கார்னில் இந்த வழி எடுபடாது. சர்க்கரைப் பாகு பொரியாமணியைப் பொரியோடு ஒட்டிவிடும், தட்டினாலும் இறங்காது. பாகு ஊற்றுவதற்கு முன் சலிப்பதுதான் ஒரே வழி. அதை நாங்கள்தான் செய்ய வேண்டும். வாங்குபவர் மெதுவாகக் கடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

மடல் 8
யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். தலைச்சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் சோளம் என்றாலே மக்காச்சோளம்தான், சோளப்பொரி என்றால் பாப்கார்ன்தான். தமிழ்நாட்டில் சோளம் வேறு தானியம், அதையும் பொரிப்பார்கள், பொரி சிறியதாக இருக்கும். ஆகவே பொதுப் பட்டியலில் 'மக்காச்சோளப் பொரி' என்று எழுதிவிட்டு, இலங்கை வழக்காகச் சோளப்பொரியையும் பக்கத்தில் தாருங்கள். பொரியாமணி இந்தத் தகராறில் சிக்காது. கம்பு, சோளம், நெல் எதைப் பொரித்தாலும் பொருந்தும். அதற்காகவே எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொரு கேள்வி: பொரியாமணியை ஊறவைத்துத் திரும்பப் பொரிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

மடல் 9
வேளாண் தாவரவியல் ஆசிரியர்

இரண்டு வேறு செய்திகள் கலந்துவிடுகின்றன.

சாக்கில் கிடந்து காய்ந்த பொரிமணியை மீட்கலாம். ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் முக்கால் பாகம் மணி போட்டு, ஒரு மேசைக்கரண்டி (15 மில்லி) தண்ணீர் விட்டு, இறுக மூடி, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்க வேண்டும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் இரண்டு மூன்று நாள் மூடியே வைத்துப் பிறகு கொஞ்சம் பொரித்துப் பார்க்கலாம். பொரி சின்னதாகச் சவசவவென்று வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. மூடியைச் சற்று நேரம் திறந்துவைக்க வேண்டும். ஊறப்போட்டு எடுப்பது கூடாது, தோல் வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். குளிர்ப்பெட்டியில் திறந்துவைத்தாலும் மணி காய்ந்துவிடும்.

ஒருமுறை சூடுபட்டுக் கசிந்த பொரியாமணிக்கு இது பலிக்காது. நீரைத் திரும்பக் கொடுக்கலாம், தோலின் கசிவை அடைக்க முடியாது. சூடு எட்டாமல் தங்கியது மட்டும் அடுத்த முறை பொரியக்கூடும். ஆனால் குவியலில் எது எது என்று பிரித்தறிவது நடைமுறைக்கு ஒத்துவராது.

நூறு பொரிமணிக்கு எத்தனை பொரியாமணி என்ற கணக்குக்கும் சொல் வேண்டும். 'தங்கல் விழுக்காடு' என்று வைக்கலாமா? நூறு மணியை எண்ணிப் போட்டு, மிஞ்சியதை எண்ணினால் அதுவே விழுக்காடு. அரைப்பொரியைச் சேர்த்து எண்ணினோமா இல்லையா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

மடல் 10
திரையரங்குத் தின்பண்டப் பிரிவு

தங்கல் விழுக்காடு எங்களுக்குச் சரி. அரைப்பொரியைத் தனியாக எண்ணுவோம். பொரியாமணி கூடினால் ஒரு கோளாறு, அரைப்பொரி கூடினால் வேறு கோளாறு.

கடைசியாக ஒரு பெயர் பாக்கி. கண்ணாடிப் பெட்டியின் தரையில் துளையிட்ட தகடு இருக்கும்; அதன் வழியே பொரியாமணி விழுந்து சேரும் இழுப்பறை கீழே இருக்கும். மேலே உள்ளதைச் 'சல்லடைத் தகடு' என்றும், கீழே உள்ளதை 'மணித்தட்டு' என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பெட்டியில் பொரி குறையும்போது ஸ்கூப்பால் தகட்டோடு வழித்து அள்ளுகிறார்கள். துளையில் இறங்காமல் நின்ற மணிகள் அப்போதுதான் டப்புக்குள் போய்விடுகின்றன. தகட்டின் மேல் ஓர் அங்குலம் விட்டு அள்ள வேண்டும். மணித்தட்டை வேலைநேரம் முடியும்போதெல்லாம் கொட்டிக் கழுவ வேண்டும், எண்ணெய் பட்ட மணி சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். அதில் விழுந்ததைத் திரும்பக் கெட்டிலில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.