எல்.கே.ஜி.க்கு 4 டேப்லெட் வந்திருக்கு, உருப்படியா என்ன செய்யலாம்?

அல்சூர்_மழலை:
பெங்களூரு அல்சூர் பக்கம் சின்ன நர்சரி ஸ்கூல். எல்.கே.ஜி.ல 22 பிள்ளைங்க, 2 டீச்சர், ஒரு ஆயாம்மா. 10 இன்ச் ஆண்ட்ராய்ட் டேப்லெட் 4 கொடுத்திருக்காங்க. பாட்டோ கலரிங் ஆப்போ போட்டா வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்துடுதுங்க. பிள்ளைங்களே ஏதாவது உருவாக்குற மாதிரி எப்படிப் பயன்படுத்துறது? நாலையும் ஒரே நேரத்துல கொடுக்கணுமா, எவ்வளவு நேரம்? வீட்டு மொழி தமிழ், கன்னடம், தெலுங்கு, உருதுன்னு கலந்து கிடக்கு.

பொம்மலாட்டம்:
மேடம், டேப்லெட்டை கேமராவா மட்டும் நினைச்சுக்கோங்க. வேலை மேஜை மேல நடக்கணும், திரையில இல்ல. இந்த வயசுக்கு நல்லா ஒத்துவர்றது ஸ்டாப் மோஷன், அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாத்தையும் ஓடுற படமா சேர்க்கிறது. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப் போதும்.

பொம்மையை நிக்க வைக்காதீங்க, விழுந்துக்கிட்டே இருக்கும். தரையில கருப்பு சார்ட் விரிச்சு, அது மேல கலர் பேப்பர் துண்டு, இலை, பட்டன் இதையெல்லாம் நகர்த்தட்டும். சார்ட் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அது மேல டேப்லெட்டை மல்லாக்க வெச்சு, லென்ஸ் இருக்கிற முனை 5 செ.மீ. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கட்டும். மறுமுனை மேல ஒரு கிலோ உப்பு பாக்கெட் ரெண்டு வெச்சு அமுக்கிடுங்க. லென்ஸ் கீழ் நோக்கி இருக்கணும், திரை மேல் நோக்கி இருக்கணும்.

ஆப்ல வேகம் வினாடிக்கு 5 ஃப்ரேம். 10 வினாடி படத்துக்கு 50 போட்டோ. 5 பேர் குழுன்னா ஆளுக்குப் பத்து. ஒருத்தர் பட்டன், ரெண்டு பேர் நகர்த்த, ஒருத்தர் "கை எடு!"ன்னு கத்த, ஒருத்தர் எண்ண. அந்தக் கத்துற வேலைக்குத்தான் அடிதடி நடக்கும், பத்து போட்டோவுக்கு ஒருமுறை மாத்துங்க. நகர்த்துறது ஒரு விரல் அகலம். அதுக்கு மேல போனா படம் தாவும்.

கேமராக்காரர்:
மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும், வெளிச்சம். பெங்களூருல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேகம் வந்து வந்து போகும். ஜன்னல் பக்கம் எடுத்தா படம் பளிச், மங்கல்னு துடிக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு போடுங்க. பிள்ளைங்க பல்புக்கும் சார்ட்டுக்கும் நடுவுல உட்கார்ந்தா நிழல் விழும், அதனால பல்பு இல்லாத பக்கம் உட்கார வைங்க. ஆப்ல ஃபோகஸ், வெளிச்சம் ரெண்டையும் பூட்டுற வசதி இருந்தா முதல் போட்டோவுக்கு முன்னாடியே பூட்டிடுங்க.

மொழிக் கலப்பு இங்க பிரச்சினையே இல்ல, சரக்கு. படம் முடிஞ்சதும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பேச்சுலயே 10 வினாடி கதை சொல்லட்டும், ரெக்கார்ட் பண்ணி ஒட்டுங்க. ஃபேனை நிறுத்தணும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மைக் ஓட்டை டேப்லெட் ஓரத்துல இருக்கும், பிள்ளை பிடிக்கிற இடத்துலயே இருந்தா சத்தம் அமுங்கும். அதனால டீச்சர் பிடிக்கிறது நல்லது.

ஸ்க்ராட்ச் ஜூனியரை (படக் கட்டைகளைக் கோத்து கோடிங் பழகுற ஆப்) யாராவது சொல்லுவாங்க. நல்ல ஆப், இலவசம், எழுத்துப் படிக்கத் தெரியவேண்டாம். ஆனா அது 5 முதல் 7 வயசுக்குன்னு செஞ்சது. யு.கே.ஜி. ரெண்டாம் பருவத்துல பாத்துக்கலாம்.

பூட்டு_சாவி:
நேரம் பத்தி: உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 2 முதல் 4 வயசு வரைக்கும் உட்கார்ந்து திரை பார்க்கிறது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லது. வீட்டு டி.வி.யும் போனும் அதுல அடக்கம். ஸ்கூலுக்கு 20 நிமிஷம், வாரம் 2 நாள்னு வெச்சுக்கோங்க. நாலையும் இறக்கவேண்டாம், 2 டீச்சருக்கு 2 டேப்லெட். மீதிப் பிள்ளைங்க ஆயாம்மாவோட பிளாக்ஸ், களிமண். பாக்கி ரெண்டு டேப்லெட் சார்ஜ்ல இருந்தா கரண்ட் போனாலும் கவலை இல்ல.

செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பகுதியில ஆப் பின்னிங் இருக்கும், ஒரே ஆப்லயே திரையைப் பூட்டி வைக்கிற வசதி (கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும்). ஆன் பண்ணி, வெளியே வர பின் நம்பர் கேக்குற மாதிரி வைங்க. இல்லைன்னா மூணாவது நிமிஷம் யூடியூப்தான். ஸ்டாப் மோஷன் எடுக்கையில இன்டர்நெட் தேவையில்ல, ஏரோப்ளேன் மோடு போடுங்க. கூகுள் போட்டோஸ் பேக்கப்பைக் கட்டாயம் நிறுத்துங்க. பிள்ளைங்க முகம் விழுந்த படத்தைப் பெற்றோரோட எழுத்துச் சம்மதம் இல்லாம வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. 2023 தனிநபர் தரவுச் சட்டம் 18 வயசுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் கேக்குது. கைகள் மட்டும் விழுற ஸ்டூல் முறைக்கு அதுவும் ஒரு லாபம்.

அல்சூர்_மழலை:
ரொம்ப நன்றிங்க. பேப்பருக்குப் பதில் மாவுல உருவம் செஞ்சு நகர்த்தலாமா? கடைக்களிமண் விலை கட்டுப்படியாகல.

பொம்மலாட்டம்:
தாராளமா. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், தண்ணி முக்கால் கப். தண்ணியை ஒரேயடியா ஊத்தாதீங்க. மழைக்காலத்துல உப்பு ஈரம் இழுத்து மாவு பிசுபிசுக்கும், அப்ப ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைங்க. உருவம் தட்டையா இருக்கட்டும், உயரமா செஞ்சா அஞ்சு நிமிஷத்துல தொய்ஞ்சுடும். பட்டன் அழுத்துற பிள்ளை மாவைத் தொடக்கூடாது, ஈரக் கை பட்டா திரை தானா தாறுமாறா அழுத்திக்கும். ஆள் மாறும்போது ஈரத்துணி ஒண்ணு, காய்ஞ்ச துணி ஒண்ணு கையில கொடுங்க.