கொடி எஸ்விஜி: வட்டம் வலப்பக்கம் தள்ளிப் போகிறது, அவசரம்

முகிலன்7:
வணக்கம். ஒரு கொடியின் எஸ்விஜி கோப்பில் (வடிவங்களை எழுத்தாலும் எண்ணாலும் விவரிக்கும் படக்கோப்பு) சின்னத் திருத்தம் செய்து பதிவேற்றினேன். என் கணினியில் சரியாக இருக்கிறது. தளத்தில் மட்டும் வட்டம் வலப்பக்கம் தள்ளிப் போய் நிற்கிறது. மூன்று முறை ஏற்றிவிட்டேன், மாற்றமே இல்லை. இந்தப் படம் ஏகப்பட்ட கட்டுரைகளில் இருக்கிறது, பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
எந்தக் கொடி என்று சொல்லவே இல்லையே. ஜப்பான், வங்கதேசம், பலாவ், லாவோஸ் என்று வட்டம் உள்ள கொடிகள் நிறைய. எந்த மென்பொருளில் திருத்தினீர்கள்? பழைய கோப்பையே திறந்து சேமித்தீர்களா, புதிதாக வரைந்தீர்களா?

ஆற்றுமணல்:
இது கேஷ்தான், அதாவது சேமித்து வைத்த பழைய நகல், சந்தேகமே வேண்டாம். தளம் எஸ்விஜியை அப்படியே காட்டாது. ஒவ்வோர் அளவுக்கும் புள்ளிகளால் ஆன ஒரு பிஎன்ஜி சிறுபடம் செய்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது பழைய சிறுபடம். பக்கத்தின் கேஷை நீக்கிவிட்டு, உலாவியிலும் கன்ட்ரோல்+எஃப்5 அடித்துப் பாருங்கள்.

கோணமானி:
கோப்பின் பெயர் இல்லை, மென்பொருள் இல்லை, என்ன திருத்தம் என்பதும் இல்லை. தம்பி, ஆயிரம் பக்கங்களில் இருக்கும் கோப்பின் மேல் மூன்று முறை ஏற்றிப் பார்ப்பதா? முதலில் பழைய பதிப்புக்கு மீட்டுவிடுங்கள். சோதிப்பதற்கு வேறு பெயரில் ஒரு கோப்பு ஏற்றிக்கொள்ளலாம். கொடியைச் சுட்டியால் இழுத்து இழுத்து வரைந்தால் இப்படித்தான் ஆகும். பதினைந்து ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முகிலன்7:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வங்கதேசக் கொடி, அட்டவணைகளில் வரும் சின்னக் கோப்பு. இங்க்ஸ்கேப்பில் செய்தேன். பழைய கோப்பில் வட்டம் சரியாக நடுவில் இருந்தது. அது தவறு என்பதால் இடப்பக்கம் நகர்த்தினேன். சிவப்பும் கொஞ்சம் வெளிறி இருந்தது, அதையும் மாற்றினேன். கேஷ் நீக்கிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. கோணமானி ஐயா, பழைய பதிப்புக்கு மீட்டுவிட்டேன்.

ஆற்றுமணல்:
சில சமயம் கேஷ் போக ஒரு நாள் ஆகும். பொறுங்கள்.

செம்பருத்தி:
கேஷ் என்றால் பழைய படம், அதாவது வட்டம் நடுவில் உள்ள படம் தெரிய வேண்டும். இவருக்கு வலப்பக்கம் போகிறது. எந்தப் பதிப்பிலும் வலப்பக்கம் இருந்ததே இல்லையே! வட்டத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்ம், அதாவது வடிவத்தை இடம் மாற்றும் கட்டளை, ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். வட்டத்தையும் அதன் குழுவையும் பிரித்துவிட்டுச் சேமித்துப் பாருங்கள். அப்புறம், சிவப்பை எதன் அடிப்படையில் மாற்றினீர்கள்? அதைச் சொல்லாமல் நிறத்தில் கை வைக்கக் கூடாது.

கோணமானி:
அதைக் கேளுங்கள் முதலில். வங்கதேசத்தின் 1972 கொடி விதிகள் நிறத்தைச் சாயத்தின் பெயரால்தான் சொல்கின்றன. பச்சைக்குப் புரோசியன் பிரில்லியன்ட் கிரீன், ஆயிரத்துக்கு 50 பங்கு. வட்டத்துக்குப் புரோசியன் பிரில்லியன்ட் ஆரஞ்சு, ஆயிரத்துக்கு 60 பங்கு. துணிக்கான கணக்கு அது. அதிலிருந்து திரைக்கான எண்ணை யாரும் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது.

செம்பருத்தி:
அதே காரணத்தால் பழைய சிவப்பும் யாரோ கண்ணால் பார்த்து எடுத்ததுதானே? அதை மட்டும் ஏன் காக்க வேண்டும்? பிரான்சில் 2020-ல் அதிபர் மாளிகையே நீலத்தை அடர்த்தியாக்கியது. நிறம் மாறவே கூடாது என்று எதுவும் இல்லை.

கோணமானி:
பிரான்சில் மாற்றியது அந்த நாட்டின் அதிபர் மாளிகை. இங்கே மாற்றியது ஒரு பயனர். இரண்டும் ஒன்றா? பழைய நிறத்தில் பல பேர் பேசி உடன்பட்டிருக்கிறார்கள். கூடிப் பேசித்தான் அதை மாற்ற வேண்டும்.

தேன்சிட்டு:
நிறத்தை அப்புறம் பேசலாம், அவருடைய சிக்கல் அப்படியே நிற்கிறது. முகிலன், இரண்டு கேள்வி. தளத்தில் தெரியும் படத்தில் கொடிக்குக் கீழே காலி இடம் இருக்கிறதா? இங்க்ஸ்கேப்பில் புதிய ஆவணம் திறந்து அதில் ஒட்டினீர்களா?

முகிலன்7:
ஆமாம், கீழே நிறையக் காலி இடம் இருக்கிறது. தளம் அப்படித்தான் காட்டும் என்று நினைத்து அதைச் சொல்லவில்லை. பழைய கோப்பில் அடுக்குகள் குழப்பமாக இருந்ததால், புதிய ஆவணம் திறந்து இரண்டு வடிவங்களையும் நகலெடுத்து மேல் இடது மூலையில் பொருத்தினேன்.

தேன்சிட்டு:
சரி, அதுதான் காரணம். உங்கள் வட்டம் நகரவே இல்லை. கொடியின் வலப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது.

இங்க்ஸ்கேப்பின் புதிய ஆவணம் நிமிர்ந்த ஏ4 தாள், 210க்கு 297 மி.மீ. பழைய கோப்பு 1000க்கு 600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கில் அது ஏறக்குறைய 264.6க்கு 158.8 மி.மீ. ஆகும். தாளின் அகலமோ 210 தான். வலப்பக்கப் பச்சையில் 54 மி.மீ.க்கு மேல் தாளைத் தாண்டிவிட்டது.

வங்கதேச வட்டத்தின் மையம் கம்பப் பக்கத்திலிருந்து, அதாவது இடது ஓரத்திலிருந்து, நீளத்தில் 20க்கு 9 பங்கில் இருக்க வேண்டும். உங்கள் கொடியில் அது 119 மி.மீ. இடப்பக்கம் 119, வலப்பக்கம் மிஞ்சியது 91. அதனால்தான் இடப்பக்கம் தள்ளிய வட்டம் வலப்பக்கம் போனது போலத் தெரிகிறது. வட்டத்தின் வலது விளிம்பு 172-இல் முடிவதால் வட்டம் முழுசாகவே இருக்கிறது, வெட்டு உங்கள் கண்ணில் படவில்லை. கீழே தெரியும் காலி இடம் தாளின் மிச்சம்.

இங்க்ஸ்கேப் தாளுக்கு வெளியே உள்ளதையும் காட்டும். தளம் வியூபாக்ஸுக்குள், அதாவது கோப்பில் குறித்த காட்சிச் சட்டத்துக்குள், இருப்பதை மட்டும் எடுக்கும்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அடியுங்கள், தாள் கொடியின் அளவுக்குச் சுருங்கும். அதற்கு முன் பச்சைச் செவ்வகத்துக்கு விளிம்புக் கோடு இருந்தால் எடுத்துவிடுங்கள். கோட்டின் தடிமனும் சேர்ந்து விகிதம் கெட்டுவிடும்.

கோணமானி:
கணக்கு சரி. ஆனால் இந்தக் கொடிக்கு இங்க்ஸ்கேப்பே தேவையில்லை. உரைத்திருத்தியில் கையால் எழுதுங்கள். விகிதம் 10க்கு 6, வட்டத்தின் ஆரம் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வியூபாக்ஸை 20க்கு 12 என்று வைத்தால் மையம் 9, 6. ஆரம் 4. ஒரு செவ்வகம், ஒரு வட்டம், பின்னமே இல்லை. அடுத்து வருபவர் திறந்து பார்த்ததும் விதி என்ன என்று அதிலேயே படித்துக்கொள்ளலாம். வட்டத்தை நகர்த்தியது சரியான திருத்தம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆற்றுமணல்:
ஜப்பான் கொடியிலும் வட்டம் கம்பப் பக்கம்தானே தள்ளியிருக்கும்? அதையும் யாராவது திருத்த வேண்டும்.

கோணமானி:
வேண்டாம்! முன்பு நீளத்தில் நூறில் ஒரு பங்கு தள்ளியிருந்தது. 1999 சட்டத்தில் வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, விகிதத்தையும் 7க்கு 10 என்பதிலிருந்து 2க்கு 3 ஆக்கிவிட்டார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

செம்பருத்தி:
டிரான்ஸ்ஃபார்ம் என்று நான் சொன்னது தவறு. ஆனால் சிவப்பு பற்றிய கேள்வியை நான் விடப் போவதில்லை. கோப்பின் பேச்சுப் பக்கத்தில் தொடங்குகிறேன், கோணமானி அங்கே வாருங்கள்.

கோணமானி:
வருகிறேன். அந்த உடன்பாடு நடந்த பழைய உரையாடலைத் தேடி எடுத்து வருகிறேன்.

முகிலன்7:
20க்கு 12 வைத்துக் கையால் எழுதினேன். சோதனைப் பெயரில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பழைய கோப்பில் போட்டேன். வட்டம் சரியான இடத்தில் நிற்கிறது. சிவப்பைத் தொடவில்லை, பழையதே இருக்கிறது. தேன்சிட்டுக்கும் கோணமானி ஐயாவுக்கும் நன்றி.

தேன்சிட்டு:
பார்த்தேன், 20 பிக்சல் அகலச் சிறுபடத்திலும் நன்றாக வருகிறது. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடுங்கள்.